பரிசோதனைக் கணக்கில் இல்லாத கட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு தேடிச் சென்று பரிசோதித்து மாத்திரை தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதிலிருந்து இத்தனை லட்சம் பேருக்குப் பிரஷர் பார்த்தாயிற்று, இத்தனை லட்சம் பேருக்குச் சர்க்கரை பார்த்தாயிற்று என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. நடக்க முடியாத முதியவருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது நல்ல காரியம், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பரிசோதனை என்பது செவிலியரின் கைவேலை. அந்த வேலை எப்படி நடந்தது, குறை தெரிந்தவர் அடுத்து எங்கே போனார் என்பது செய்தியிலும் இல்லை, மாத அறிக்கையிலும் அழுத்திக் கேட்கப்படுவதில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். கண்டுபிடிப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் நடுவில் எங்கெங்கே ஒழுகுகிறது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறோம்.

முதல் ஒழுகல் பிரஷர் கருவியிலேயே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளி நாளன்று வரிசையில் நின்றவர் வந்து முதுகு சாயாத ஸ்டூலில் உட்காருகிறார். உட்கார்ந்த மறுநொடி கஃப் என்ற காற்றுப்பட்டை கையில் சுற்றப்படுகிறது. கை மடியில் தொங்குகிறது, செவிலியர் பெயர், வயது, ஊர் கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துகிறார். இதில் நான்கு தவறுகள் உள்ளன. ஐந்து நிமிட ஓய்வு இல்லை, முதுகுக்குத் தாங்கல் இல்லை, கை இதய மட்டத்தில் இல்லை, அளக்கும்போது பேச்சு. ஒவ்வொன்றும் சில புள்ளிகளை ஏற்றும். பேச்சு மட்டுமே 10 புள்ளி வரை ஏற்றிவிடும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் ஏறும், அரைமணிக்குள் டீ, காபி, பீடி ஏதாவது ஆகியிருந்தாலும் ஏறும். உண்மையில் 132 உள்ளவர் 148 என்று பதிவாகி, வாழ்நாள் மாத்திரைக்காரர் ஆகிவிடுகிறார்.

கஃப் அளவு பற்றி யாரும் பேசுவதே இல்லை. உள்ளிருக்கும் காற்றுப்பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். பெரும்பாலான டிஜிட்டல் கருவிகளோடு வரும் கஃப் 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்கு உரியது. 36 செ.மீ. கைக்கு அதையே இழுத்துக் கட்டினால் மேல் அளவு சுமார் 5 புள்ளி கூடுதலாகக் காட்டும். இன்னும் பருத்த, மிகப் பெரிய கஃப் தேவைப்படும் கை என்றால் 20 புள்ளி வரை கூடும். ஒல்லியான மூதாட்டியின் கையில் அதே கஃப் பெரிதாகிவிடும். அப்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், நோய் தப்பிவிடும். இதற்கு வேண்டியது ஒரு தையல் டேப்பும் மூன்று அளவு கஃப்பும்தான். டேப்பால் கையின் நடுப்பகுதியை அளந்து, அந்த எண்ணை நோயாளியின் அட்டையில் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த தடவை யோசிக்க வேண்டியதில்லை.

கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு மேல் இரண்டு விரல்கடை இருக்க வேண்டும். அதிலுள்ள அம்புக்குறி முழங்கையின் உட்பக்க ரத்தக்குழாய்மீது விழ வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றுவது தவறு. அந்தச் சுருளே கையை இறுக்கிக் கட்டிவிடும். இறுக்கமான ரவிக்கை அணிந்தவர் என்றால் திரை மறைவில் ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லலாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுத வேண்டும். முதல் வருகையில் இரு கைகளிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையையே பின்பு பயன்படுத்த வேண்டும். 140/90-க்கு மேல் வந்தால் வேறொரு நாளிலும் பார்த்து உறுதி செய்த பிறகே 'உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது' என்று சொல்லலாம். விதிவிலக்கு 180/110-ஐத் தாண்டியவர்கள். அவர்களை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கைகால் பலவீனம் ஏதாவது இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் முதியவர் 'எழுந்தால் தலை சுற்றுகிறது' என்றால் நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை.

பதிவேட்டைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளருக்கு ஒரு எளிய வழி சொல்கிறோம். டிஜிட்டல் கருவியில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறையச் சமமாக வரும். பத்தில் ஒன்றுதான் பூஜ்ஜியத்தில் முடியும். ஒரு பக்கத்தில் 120/80, 130/80, 130/90 என்று வரிசையாகப் பூஜ்ஜியங்கள் நின்றால் அங்கே கருவி உறையைவிட்டு வெளியே வரவில்லை என்று பொருள். இதற்காகச் செவிலியரைக் கடிந்து பயனில்லை. ஒரு நாளில் இத்தனை பேர் என்று இலக்கு வைத்துவிட்டு, ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும் வேலையைக் கொடுத்தால் பேனாதான் பிரஷர் பார்க்கும்.

மாத்திரை தொடங்கிய பின் ஒரு வார்த்தை சொல்லாததால் எத்தனையோ பேர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். 'சிறுநீரகம் போச்சு' என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்ல, மாத்திரை பரண்மேல் போய்விடும். வீங்கினால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள் என்று முதல் நாளே சொன்னால் போதும். அளவு இயல்பானதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துவது அடுத்த வகை. மாத்திரையால்தான் இயல்பாக இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாதமும் சொல்லத்தான் வேண்டும்.

சர்க்கரைக்கு வருவோம். விரல் நுனி ரத்தத்தில் எந்த நேரத்திலும் பார்க்கும் அளவு 140 மி.கி.யைத் தொட்டால் அது மேற்பரிசோதனைக்கான சைகைதான், நோய் முடிவு அல்ல. நோய் என்று சொல்ல வெறும் வயிற்றில் 126, அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200, அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. 6.5 சதவீதம் வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறையும் உறுதி செய்ய வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு வந்தவருக்குக் குளுக்கோமீட்டர் 300 காட்டினால் வியப்பில்லை. ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவைத்த விரல் வேண்டும். நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்த வேண்டும், வலி குறையும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்த கையோடு மூட வேண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்கள் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித்தான் வருகின்றன. சித்திரை வெயிலில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் நாள் முழுக்கச் சுற்றிய ஸ்ட்ரிப் காட்டும் எண்ணை எப்படி நம்புவது? வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களுக்கு ஒரு சிறிய குளிர்காப்புப் பை கொடுக்கும் செலவு பெரிதல்ல.

ரத்தசோகை இங்கே பரவலாக இருப்பதால் இன்னொரு சிக்கல். இரும்புச்சத்துக் குறைவால் சோகை உள்ள பெண்ணுக்கு ஹெச்.பி.ஏ.1சி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நீலகிரிப் பழங்குடிகளிடம் காணப்படும் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தப் பரிசோதனையை நம்பவே முடியாது. ஆகவே ஹீமோகுளோபின் எண்ணைப் பார்க்காமல் ஹெச்.பி.ஏ.1சி. எண்ணைப் படிக்கக் கூடாது.

ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் யாரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று பிரிக்கும் வழி சென்னையிலேயே உருவானது. டாக்டர் வி. மோகன் குழுவினரின் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் அது. வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90-ம் மேலும் என்றால் 20. ஆணுக்கு இந்த வரம்புகள் 10 செ.மீ. கூடுதல். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. உடலுழைப்பும் உடற்பயிற்சியும் அறவே இல்லாவிட்டால் 30. கூட்டி 60 வந்தால் அபாயம் அதிகம். இதில் சறுக்கும் இடம் இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின்மேல் டேப்பைச் சுற்றினால் ஐந்தாறு செ.மீ. சும்மா கூடிவிடும்.

கர்ப்பகாலச் சர்க்கரையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. டாக்டர் வி. சேஷையாவின் முயற்சியால் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 140 தாண்டுகிறதா என்று பார்க்கும் முறை வேரூன்றியது. முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒருமுறை. குடித்த அரைமணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். இவ்வளவும் ஒழுங்காக நடக்கிறது. பிரசவம் முடிந்ததும் அந்தப் பெண் கணக்கிலிருந்து காணாமல் போகிறாள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆறாவது வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அவள் பெயர் தாய்சேய்ப் பதிவில் நின்றுவிடுகிறது, சர்க்கரை நோய்ப் பட்டியலுக்கு யாரும் மாற்றி எழுதுவதில்லை. இத்தனைக்கும் குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அவளே இடுப்பில் பிள்ளையோடு துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். முந்தின நாள் போன் செய்து, 'நாளைக் காலை எதுவும் சாப்பிடாமல் சீக்கிரம் வந்துவிடும்மா' என்று சொன்னால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஊசியும் ஆகிவிடும், சர்க்கரையும் பார்த்துவிடலாம்.

இனி நாங்கள் அதிகம் கவலைப்படுகிற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இதில் செவிலியரால் என்ன முடியும் என்பதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2000 முதல் 2003 வரை 30-59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்குச் செவிலியர்கள் அசிட்டிக் அமிலப் பரிசோதனை (நீர்த்த அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி, எங்கே வெளுக்கிறது என்று பார்ப்பது) செய்தார்கள். சந்தேகம் உள்ளவர்களுக்குக் கால்போஸ்கோப்பி (உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது), திசு எடுத்தல், தகுதியானவர்களுக்குத் திட்டை உறையவைத்து அழிக்கும் உறைகுளிர் சிகிச்சை ஆகியவற்றையும் அதே வருகையில் அவர்களே செய்தார்கள். பெரிய புண்களும் புற்றும் மட்டும் மேலே அனுப்பப்பட்டன. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இந்தப் பலன். 'அதே வருகையில்' என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று பாசிட்டிவ் என்று சீட்டு எழுதி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறோம். ஒரு நாள் கூலி, பஸ் கட்டணம், துணைக்கு ஒரு ஆள், கணவரின் சம்மதம் எல்லாம் ஒன்றுகூடி அந்தச் சீட்டு முந்தானை முடிச்சிலேயே தங்கிவிடுகிறது.

பரிசோதனை முறையிலும் கைத்தவறுகள் உண்டு. 5 சதவீதக் கரைசல் வேண்டும். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அன்றன்று கலந்து, தேதி எழுதி ஒட்டி, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நீர்த்துப் போனால் எதுவும் வெளுக்காது, எல்லாரும் 'நார்மல்' ஆகிவிடுவார்கள். கலக்காத அமிலத்தைத் தவறுதலாகத் தொட்டு வைத்தால் உள்ளே வெந்துவிடும். அதனால் மூல பாட்டிலைப் பரிசோதனை மேசையிலேயே வைக்கக் கூடாது. பஞ்சைக் கரைசலில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் ஒற்றி ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் பத்து விநாடியில் எட்டிப்பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டு தெரியாது, நல்ல வெண்ணிற விளக்கு வேண்டும்.

எது பாசிட்டிவ்? உள்வாயின் சிவந்த படலமும் வெளிப்பக்கத்து இளஞ்சிவப்புப் படலமும் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக, அடர்ந்து வெளுத்த திட்டு. கோட்டைவிட்டுத் தள்ளி அங்கங்கே புள்ளியாகவோ, மங்கலாகவோ, கோடாகவோ வெளுப்பது பாசிட்டிவ் இல்லை. வெள்ளைப்படுதலும் புண்ணும் உள்ளவருக்கு வெளுப்பு ஏமாற்றும். முதலில் தொற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு மீண்டும் அழைக்க வேண்டும். தொட்டாலே ரத்தம் கசியும் வளர்ச்சி, புண் கண்ணுக்குத் தெரிந்தால் அமிலமே தேவையில்லை, நேராக மகப்பேறு நிபுணரிடம் அனுப்ப வேண்டும். மாதவிலக்கு நாளில் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி 12 வாரம் ஆகாதவர்களுக்கும் ஒத்திவைக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்த எல்லைக்கோடு உள்ளே போய் மறைந்துவிடும். 58 வயதுப் பெண்ணுக்குப் பார்த்துவிட்டு நெகட்டிவ் என்று எழுதினால், பார்க்க வேண்டிய இடத்தையே பார்க்கவில்லை என்று பொருள். அவருக்குத் தேவை, இந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் டி.என்.ஏ. பரிசோதனை. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் எல்லாருக்குமே அதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பதால், உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவிக்குக் கூச்சப்பட்டு ஒதுங்குகிறவர்களும் வருவார்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளுத்த திட்டைச் சூட்டால் அழிக்கும் வெப்ப சிகிச்சைக் கருவி இப்போது கையடக்கமாக வந்துவிட்டது. 100 டிகிரியில் 20 முதல் 30 விநாடி வைத்தால் போதும். திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்வழிக்குள் நீளக் கூடாது, கர்ப்பப்பை வாயில் முக்கால் பங்குக்குமேல் பரவியிருக்கக் கூடாது, புற்றுச் சந்தேகம் இருக்கக் கூடாது. இந்த நான்கையும் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற செவிலியர், கேமரா வழியே மருத்துவரின் ஒப்புதலோடு வட்டார அளவிலேயே செய்யலாம். திண்டுக்கல்லில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்தது இன்று மற்ற மாவட்டங்களில் முடியாதா என்ன?

மார்பகம், வாய் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மார்பகத்தை விரல் நுனியால் கிள்ளிப் பார்க்கக் கூடாது. நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், மேலாக, நடுத்தரமாக, ஆழமாக என மூன்று அழுத்தத்தில், காறை எலும்பிலிருந்து மேலும் கீழுமாக உழவு ஓட்டுவதுபோல் வரி வரியாகத் தடவ வேண்டும். அக்குளையும் காறை எலும்புக்கு மேலுள்ள குழியையும் மறக்கக் கூடாது. 'வலியில்லை, அதனால் வரவில்லை' என்பதுதான் தாமதத்துக்குக் காரணம். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். வாயைப் பார்க்கும்போது பல்செட்டைக் கழற்றச் சொல்லி, புகையிலை அடக்கும் கன்னக் குழியையும் நாக்கின் ஓரத்தையும் அடியையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத வாய் ஆகியவை அனுப்பவேண்டிய அறிகுறிகள். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் இந்தக் கண்பார்வைச் சோதனையே வாய்ப்புற்றுச் சாவை 34 சதவீதம் குறைத்தது.

இதற்கெல்லாம் சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் மூன்று அளவு கஃப், ஒரு டேப், ஒரு வெண்விளக்கு. புதிதாகச் சேரும் இடைநிலை சுகாதாரப் பணியாளருக்குப் படம் காட்டும் வகுப்போடு நிறுத்தாமல், அனுபவமுள்ளவர் அருகிலிருந்து பார்க்க, உண்மையான பெண்களுக்கு அசிட்டிக் அமிலப் பரிசோதனை செய்து பழகும் வாய்ப்பு. மாத அறிக்கையில் 'பார்க்கப்பட்டவர்கள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள்: வேறொரு நாளில் மறுபடி பார்க்கச் சொன்னவர்களில் வந்தவர்கள் எத்தனை பேர், பாசிட்டிவ் ஆன பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்க எத்தனை நாள் ஆனது, மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 140/90-க்குள் இருப்பவர்கள் எத்தனை பேர். முதல் கட்டம் சிறுத்து இந்த மூன்றும் நிறைந்தால், அந்த மாதம் இலக்கு எட்டவில்லை என்று எந்தச் செவிலியருக்கும் விளக்கக் கடிதம் அனுப்பாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சமுதாய நலச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்